இரண்டு இன்ச் தூரம்

தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள் தையல்காரி. பாதி தைத்த சட்டைக்கை ஊசிக்கடியில் அப்படியே கிடக்கிறது. திரையில் நீலக் கடலுக்கு மேல் ஒரு குட்டி விமானம், நகர்வேனா என்று நிற்கிறது. தம்பி அதில்தான் வருகிறான். பதினான்கு மணி நேரப் பயணத்தில் இன்னும் ஐந்து பாக்கி. உள்ளறையில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. இன்றைப் பொழுது தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வெயில் சன்னலை விட்டு இறங்குகிறது. இருப்புக்கொள்ளாமல், கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்துத் திரையில் வைத்து அளக்கிறாள். விமானத்துக்கும் ஊருக்கும் இரண்டு இன்ச். கண் மங்கிய கணவன் எட்டிப் பார்த்து, விரலால் படத்தைப் பெரிதாக்குகிறான். இரண்டு ஐந்தாகிவிடுகிறது.

“கையை எடுங்க!” சீறுகிறாள்.

“தம்பி எங்கம்மா வரான்?” உள்ளேயிருந்து அப்பா.

படத்தைச் சுருக்குகிறாள், இன்னும் சுருக்குகிறாள்.

“இதோ, அரை இன்ச்தாம்ப்பா. கண்ணை மட்டும் மூடிராதீங்க.”