பெற்றோர் கவனத்திற்கு

“சார், ஸ்கூல்லேர்ந்து பேசறேன். பயப்படாதீங்க, பையன் ஒண்ணும் பண்ணலை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு வியாழக்கிழமைக்குள்ள வரணும், அவ்வளவுதான்.”

ரிசீவரை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘போன் மிஸ்’. பையில் போட்டு அனுப்பும் சுற்றறிக்கைகளெல்லாம் வீடு போய்ச் சேருவதற்குள் ராக்கெட்டாகப் பறந்துவிடுகின்றன என்று தெரிந்ததும், பெற்றோருக்கு நேராகச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்று தலைமையாசிரியை இந்த வருடம்தான் அவளை எடுத்திருந்தார்.

எந்த வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும், எங்கே போட்டி, யார் எதில் பரிசு வாங்கினார்கள், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரே ஒரு வீட்டை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வாள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீடு. வாட்ச்மேன் வகுப்பறைகளைப் பூட்டிக்கொண்டு வரும் நேரத்தில்தான் அந்த எண்ணைக் கூப்பிடுவாள்.

அந்தப் பெண்ணின் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. “ம்”, “சரி”, மிஞ்சிப் போனால் “ஆகட்டும்”. ஆனாலும் அந்த வீட்டோடு பேச்சு நீண்டுகொண்டே போகும்.

ஃபீஸ் கவுன்டர் அம்மாளின் காதில் இது விழாமல் இருக்குமா? எதைக் கேட்டாலும் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவதால் பிள்ளைகள் அந்த அம்மாளுக்கு ‘ரேடியோ’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

“ஏங்க, தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் சார், மேடம்னு கூப்பிடறீங்க. அந்த வீட்டுக்கு மட்டும் சாரும் இல்லை, மோரும் இல்லை. குரல் வேற அப்படிக் குழையுது.”

“அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது. சொல்றதுக்கு நிறைய இருக்கு.”

“சொல்றதுக்கா, பேசறதுக்கா? அந்த மனுஷன் பொண்டாட்டியைப் பிரிஞ்சவராமே. நீங்களும் தனியா இருக்கீங்க. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

அவள் போன் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் முகம் மாறியதை ரேடியோ பார்த்துவிட்டாள். வேறென்ன வேண்டும்? மறுநாளே ஆசிரியர் அறை வரைக்கும் ஒலிபரப்பாகிவிட்டது.

அவள் குடியிருந்தது ஒரு மாடி அறையில். சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் டம்ளரை எங்கே வைத்தாளோ அங்கேயே இருக்கும். இடம் மாற்றி வைக்க வேறொரு கை அங்கே கிடையாது.

பள்ளியில்தான் கொஞ்சம் கலகலப்பு. இடைவேளையில் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “போன் மிஸ், எங்க வீட்டுக்கு இன்னிக்கு வேணாம் மிஸ், ப்ளீஸ்” என்று கெஞ்சுவார்கள். அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் மட்டும் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நேராகப் போய்விடுவாள். அவள் படியேறி மறையும் வரை இவள் கை போன் மேலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாமே மெசேஜ்தான். கம்ப்யூட்டரே எல்லா வீட்டுக்கும் அனுப்பிடும். உங்களை லைப்ரரிக்கு மாத்தியிருக்கேன்.”

“சரிங்க மேடம்.”

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான்.”

அன்று சாயங்காலம் மற்ற வீடுகளையெல்லாம் அவசர அவசரமாக முடித்தாள். ரேடியோ கைப்பையை மாட்டிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்தபடியே கிளம்பிப் போனாள். அறையில் ஆளரவம் அடங்கியதும் அந்த எண்ணை அழுத்தினாள்.

“பேச்சுப் போட்டியில பொண்ணுக்கு முதல் பரிசு.”

“ம்.”

“மேடையில கொஞ்சம்கூடத் தடுமாறலை. நடுவுல ஒரு வரி மறந்துபோச்சு போல. அதைச் சிரிச்சே சமாளிச்சிட்டா. எல்லாரும் கை தட்டினாங்க.”

“சரி.”

“பப்ளிக் பரீட்சை அப்ளிகேஷனுக்குப் போட்டோ வேணும். பழசு ஆகாது, புதுசா எடுக்கணும்.”

“ஆகட்டும்.”

“அப்புறம், காலையில சாப்பிடாமலே வர்றா போலிருக்கு. பிரேயர்ல தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. கொஞ்சம் பார்த்துக்கணும்.”

“ம்.”

சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று மனசுக்குள் துழாவிப் பார்த்தாள். சுற்றுலா அடுத்த மாதம்தான். விளையாட்டு விழாவைப் பற்றி நேற்றே சொல்லியாகிவிட்டது.

“இன்னொண்ணு. திங்கக்கிழமைலேர்ந்து இந்த மாதிரி போன் வராது. கம்ப்யூட்டர்லேர்ந்து மெசேஜ் வந்துடும். நான் கூப்பிடறது இதான் கடைசி.”

இந்த முறை “சரி” வரவில்லை. மறுமுனையில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் வெறும் மூச்சு.

“ஹலோ?” என்றாள்.

பதிலுக்கு வந்தது அவர் குரல் இல்லை.

“அம்மா, நீ வீட்டுக்கே வந்து சொல்லேன்.”