ரேடியோ கேட்டது

முதலில், எங்கள் செருப்புக் கம்பெனியின் பசைக் கூடத்தில் நெடியை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. சரி செய்யச் சொன்னோம். செய்யவில்லை.

அடுத்து, அங்கே வேலை பார்த்த, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவர் இரும ஆரம்பித்தார். பீடி இருமல் என்றது நிர்வாகம். அவர் பீடியைத் தொட்டதே இல்லை.

அதற்கடுத்து, ஆஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையை எடுத்தார்கள். ஓயாமல் பேசுகிறவர் என்பதால் வந்த பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

அப்புறம், அவரைப் பசைக் கூடத்திலிருந்து மாற்றி, மேனேஜர் அறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள்.

அதற்கும் அப்புறம், அவருடைய போனைப் பிடுங்கினார்கள்.

கடைசியாக, ஆபத்து என்றால் குரல் கொடுக்க முடியாதவருக்கு இங்கே வேலை இல்லை என்றார்கள். மகளின் படிப்பு அந்த ஸ்டூலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

போன்தானே என்று நினைக்க வேண்டாம். மகள் அதில் ஏதோ ஏற்றிக் கொடுத்திருந்தாள். அவர் எழுத்தைத் தட்டினால் அது பேசும். அதில் ஆண் குரல் கிடைக்கவில்லை. ரயில் தாமதத்தை அறிவிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். அதற்கு 'அண்ணி' என்று நாங்களே பெயர் வைத்தோம்.

"அண்ணி, அண்ணனுக்கு டீ வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க!"

"சர்க்கரை தூக்கலா. உங்க அரட்டை கம்மியா" என்பாள் அண்ணி.

அடிக்கடி சொல்ல வேண்டியதை ஒரு பொத்தானில் சேர்த்து வைத்துவிடலாம். ரேடியோ சேர்த்து வைத்த முதல் வாக்கியம் இது:

"சங்கத் தேர்தல் எப்போ, முழக்கம் அண்ணே?"

முழக்கம் எங்கள் சங்கச் செயலாளர். ரொம்ப வருடமாக அவரேதான். மைக் இல்லாமலே கேட் வரை கேட்கும் தொண்டை. கேள்வி கேட்டு எழுந்தவர்களை எல்லாம் அந்தத் தொண்டையாலேயே உட்கார வைத்தவர்.

அண்ணியிடம் அது பலிக்கவில்லை. அவர் கத்தி முடிக்கிற வரை ரேடியோ காத்திருப்பார். பிறகு ஒரு விரல். அதே கேள்வி, அதே குரல். கோபமும் கிடையாது, களைப்பும் கிடையாது. கூட்டம் சிரிக்கும். முழக்கமும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படி இருந்தபோதுதான் உள்ளே யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எங்களுக்குப் போன் போனது. அவருக்கு இரண்டாவது முறையாகக் குரல் போனது.

முழக்கம் கொதித்தார். "வேலை நேரத்துல போனும் கையுமா இருக்காங்கன்னு போட்டுக் குடுத்தது சூப்பர்வைசர்தான்!"

நம்பினோம். சூப்பர்வைசருடன் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்தால் அந்த வரிசையே எழுந்துகொண்டது.

"சத்தியமா நான் இல்லப்பா" என்றார் ஒரு நாள், டிபன் டப்பாவைத் திறக்காமலே.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியோவை வேலையை விட்டும் நிறுத்தியதும் கேட்டில் போராட்டம் தொடங்கியது. "தொழிலாளியின் குரல்வளையை நெரிக்காதே!" முழக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் உட்கார்ந்து ரேடியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தொழிலாளர் நல அதிகாரி வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் நாங்கள்.

"அவர் போனைக் கொண்டுவந்து குடுங்க. அவரே பேசட்டும்" என்றார் அதிகாரி, ரேடியோவைக் காட்டி. "இந்தத் தடை எப்படி வந்துச்சு? அதுக்கு யார் காரணம்?"

"பொதுவான பாதுகாப்புதான், சார்" என்றார் மேனேஜர்.

முழக்கம் துள்ளி எழுந்தார். ரேடியோவின் காதருகே குனிந்து, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். "சொல்லுப்பா! சூப்பர்... வைசர்! பயப்படாம சொல்லு!"

ரேடியோ தட்டினார். அண்ணி பேசினாள்.

"கத்தாதீங்க அண்ணே. போனது தொண்டை. காது அப்படியேதான் இருக்கு."

கூடமே சிரித்தது. முழக்கம் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். குரல் போனதிலிருந்து அவரிடம் கத்தித்தான் பேசினோம். ரகசியம் பேசும்போது மட்டும் அவர் பக்கத்தில் இருப்பதையே மறந்துபோனோம்.

அவர் மறுபடியும் தட்டத் தொடங்கினார். நேரம் பிடித்தது. சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். மேனேஜர் ரூம் கதவு திறந்தே இருந்தது. உள்ள வந்தவர் சொன்னார்: 'அந்த ஃபேன் பேச்சை இனிமே யாரும் எடுக்காம நான் பாத்துக்கறேன், சார். நீங்க இந்தப் போனை மட்டும் நிறுத்துங்க.'"

ரயில் தாமதத்தை அறிவிக்கிற அதே குரல். மேனேஜர் தன் விரல் நகத்தைப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்று கேட்டார் அதிகாரி.

"அவரா வந்து எங்கிட்ட சொல்லுவார்னு இருந்தேன்."

"யார் அவர்? இத்தனை பேர் சாட்சி இருக்காங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேரைச் சொல்லுங்க."

நாங்கள் எல்லோரும் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினோம்.

ரேடியோ இந்த முறை எழுத்தைத் தேடவில்லை. திரையின் மேலே இருந்த அந்தப் பழைய பொத்தானை ஒரு விரலால் தொட்டார்.

"சங்கத் தேர்தல் எப்போ, முழக்கம் அண்ணே?"