மனசு சார்

"அறிவு இருக்கு, பேச்சு இருக்கு. மெஷினுக்கு மனசு இருக்கா? கிடையாது! சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். சுயமா ஒரு முடிவு எடுக்குமா?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை. கம்ப்யூட்டருக்கு இரக்கத்தோடு பேசக் கற்றுக்கொடுக்கும் ஆபீஸ் அது. மெஷின் சொல்லும் பதில்களைப் படித்து மார்க் போடுவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. மேற்பார்வையாளர் இந்தப் பிரசங்கத்தை நடத்தி நடத்தியே 'மனசு சார்' என்று பெயர் வாங்கியிருந்தார். கூப்பிடுவது மட்டும் முதுகுக்குப் பின்னால்.

"எது மனுஷன் எழுதினது, எது மெஷின் எழுதினதுன்னு ஒரு வரி படிச்சாப் போதும், சொல்லிடுவேன்!"

ஜன்னலோர மேசைக்காரி போனும் கையுமாக எழுந்து வந்தாள்.

"சார், பையனுக்கு ஜுரம் கொதிக்குதாம். ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க. கூட்டிட்டு வர என்னை விட்டா ஆள் இல்ல."

"இன்னும் எத்தனை பதில் பாக்கி?"

"நாப்பது."

"முடிச்சுட்டுத் தாராளமாக் கிளம்பு. நான் என்னம்மா பண்றது? ரூல்ஸ் அப்படி. என் கையில என்ன இருக்கு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். சார் விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

ஐந்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"சார், இதுல ஒண்ணு மெஷின், ஒண்ணு மனுஷன். கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். திரையில் ஒரு தாயின் கேள்வி, கீழே இரண்டு பதில்கள். கேள்வியைப் படிக்கிற பொறுமை சாருக்கு எந்தக் காலத்தில் இருந்தது? நேரே பதிலுக்குப் போனார்.

முதலாவது: 'உடனே கிளம்புங்கள். வேலை எங்கேயும் ஓடிவிடாது. குழந்தை உங்களைத் தேடும்.'

இரண்டாவது: 'வேலையை முடித்துவிட்டுத் தாராளமாகக் கிளம்பவும். விதிமுறை அப்படி. என் கையில் எதுவும் இல்லை.'

"இதுக்கு நான் வேற வரணுமா?" சார் ஆபீஸுக்கே கேட்கும்படி சிரித்தார். "முதல் பதில் மனுஷன். பெத்த மனசு தெரிஞ்சவன்! ரெண்டாவது மெஷின். ஈவு இரக்கம் இருக்கா பாரு, ஜடம்! முட்டை மார்க் போடு."

அவள் போட்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"மெஷின் உடனே கிளம்பச் சொல்லிடுச்சு சார். ரெண்டாவதுதான் நீங்க சொன்னது."