இறக்கத்தில் ஒரு ஜாகுவார்

“ஏனுங்க, வண்டி ஓடுதுங்களா, மெதக்குதுங்களா? சத்தமே காணமுங்களே.”

கம்பம்மெட்டிலிருந்து இறங்கும் சாலையில் முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் நஞ்சப்பன் இப்படிக் கேட்டார். மரியஜோசப் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சீமை என்ஜின்லா அண்ணாச்சி. அப்படித்தான் இருக்கும்.”

“எங்கூரு பஸ்ஸு நின்னுட்டிருந்தாக்கூட ரெண்டு பர்லாங்குக்குக் கேக்குமுங்க. இது பட்டுத் துணியில வழுக்கற மாதிரியல்ல போவுது.”

என்ஜின் இருந்தால்தானே சத்தம் வரும். மேல்கூரை இல்லாத அந்தச் சிவப்பு ஜாகுவாரின் பானெட்டுக்குள் ஒன்றுமே இல்லை. நேற்றுவரை மரியஜோசப்பின் மனைவி இன்பமேரி வளர்க்கும் இரண்டு கோழிகள் அங்கேதான் அடை காத்தன.

மரியஜோசப் ஏலத்தோட்டத்தில் டிரைவர். தோட்டத்துத் துரை என்ஜினைக் கழற்றி ரிப்பேருக்காகக் கோயமுத்தூருக்கு லாரியில் அனுப்பினார். அது திரும்பி வரவே இல்லை; அதற்குள் அவர் சீமைக்கே போய்விட்டார். போகும்போது, “ஜோசப், கார் உனக்கு” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் ஏழு வருஷமாக வீட்டு முற்றம் முழுக்கக் கார்தான். துணி காயப்போட இடமில்லை. போன வாரம் இன்பமேரி முடிவாகச் சொல்லிவிட்டாள்: “ஈஸ்டருக்குள்ள இந்த வீட்டுல ஒண்ணு கார் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

அந்த நேரத்தில்தான் நஞ்சப்பன் வந்தார். பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். ஏலக்காய்க் கடையில் விசாரித்து வீடு தேடி வந்தவர், காரை ஒரு சுற்றுச் சுற்றினார், சீட்டைத் தடவினார், ஆர்.சி. புக்கைப் புரட்டினார். பானெட்டைத் திறக்கச் சொன்னால் அதன் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்ல மரியஜோசப் தயாராக இருந்தான். அவர் அதைக் கேட்கவே இல்லை. “ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமுங்களா?” என்றுதான் கேட்டார். செல்ஃப் எடுக்கவில்லை என்று சொல்லி, நாலு பேரை விட்டுத் தள்ளி, இறக்கத்தில் இறக்கியாகிவிட்டது.

இரண்டாவது வளைவில் கார் வேகம் பிடித்தது. நஞ்சப்பனின் தோள் துண்டு பறந்து பள்ளத்தில் போய் விழுந்தது. “போனாப் போவுது, உடுங்க,” என்று சிரித்தார். மூன்றாவது வளைவில் எதிரே ஓர் ஆட்டு மந்தை.

“ஆரன் அடிங்க.”

“அதுவும் சத்தம் போடாது அண்ணாச்சி.”

நஞ்சப்பன் வாயில் இரண்டு விரலை விட்டு ஒரு விசில் அடித்தார். மந்தை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் புகுந்து போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் அவரே விசில் அடித்தார். ஐம்பத்தைந்து வயசு மனிதர், ராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரிக் காலை உதைத்துச் சிரித்தார். முன்னால் போன கம்பம் பஸ்ஸை முந்தியபோது எழுந்து நின்று அதன் டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மரியஜோசப்புக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பயத்தில் பாதி, குஷியில் பாதி.

அடுத்து வந்தது மேடு. சின்ன மேடுதான். ஆனால் மேடு. மாதாவை வேண்டிக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். கார் பாய்ந்து ஏறியது, பாதியில் தளர்ந்தது, உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது ஊர்ந்தது. நஞ்சப்பன் பேச்சை நிறுத்திவிட்டு, காரின் முன்கண்ணாடியில் மூக்கு இடிக்க முன்னால் சாய்ந்தார். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல அந்தப் பக்கம் இறங்கி உருண்டது.

“ஏறிப்போடுச்சுங்க,” என்றார் நஞ்சப்பன், பெருமூச்சு விட்டு.

அடிவாரத்தில் சாலை சமமாகி, கார் தானாக ஒரு புளியமரத்தடியில் நின்றது. என்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். இதுதான் மரியஜோசப்பின் திட்டம்.

நஞ்சப்பன் இறங்கி, கலைந்த தலையோடு காரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்திருந்தார். “என்ற ஆயுசுல இப்படிப் போனதில்லீங்க. இந்தாங்க, பேசுன வெல,” என்று மடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

மரியஜோசப் கையை நீட்டினான். பாதியில் இழுத்துக்கொண்டான். இந்தச் சிரிப்பு நாளைக்குக் காலையில் என்ன ஆகும் என்று நினைத்ததும் அவனால் முடியவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. நான் உங்கள ஏமாத்திட்டேன். இதுல என்ஜினே இல்ல. வெறும் இறக்கத்துலதான் வந்தோம். என்ன அடிக்கணும்னா அடிச்சிருங்க.”

நஞ்சப்பன் பணத்தை அவன் சட்டைப் பையில் திணித்தார்.

“தெரியுமுங்க. கம்பத்துல லாரி பேசி வெச்சுட்டுத்தான் மேல வந்தனுங்க,” என்றார். “இதோட என்ஜினு பெருமாட்டியில என்ற கெணத்து மேட்டுல ஆறு வருஷமா தென்னைக்குத் தண்ணி எறைச்சிட்டிருக்குதுங்க, கோயமுத்தூருப் பழைய இரும்புக் கடையில வாங்குன நாள்லருந்து, அதுல வெட்டியிருக்கற நம்பரை வெச்சு அதோட காரைத் தேடித் தேடி, இன்னைக்குத்தானுங்க புடிச்சேன்.”