வெள்ளை ஜன்னல்கள்

ஜன்னல் மூடியின் கைப்பிடியில் அவள் விரல் இருந்தது.

கொஞ்சம்தான் தூக்கியிருப்பாள். தூத்துக்குடியின் மத்தியான வெயில் உள்ளே பாய்ந்து, பக்கத்து இருக்கைப் பெண்ணின் தோளில் தூங்கிய குழந்தையின் முகத்தில் விழுந்தது. குழந்தை முகம் சுளித்தது.

"வேண்டாம்க்கா. காலையில இருந்து ஒரே அழுக. இப்பத்தான் கண்ண மூடுனான்."

அவள் மூடியை இறக்கினாள்.

சின்ன விமானம். தரையில் நிற்கும்போது ஏசி பேருக்குத்தான். அதனால் ஆட்கள் ஏறுவதற்கு முன்பே எல்லா ஜன்னல்களிலும் வெள்ளை மூடிகளை இறக்கி, உள்ளே இருட்டாக்கிக் குளுமையைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஓடுபாதைக்குப் போனபிறகு திறந்தால் போதும் என்று பணிப்பெண் சொல்லிவிட்டாள்.

இது அவள் கணவனுக்குத் தெரியாது.

வருடக்கணக்காக இந்த விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறான். உள்ளே ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவன் கீழே நிற்கும்போதெல்லாம் ஜன்னல்கள் வெள்ளையாகவே இருந்திருக்கின்றன. கண்ணாடியே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் அவளிடமும் அதையே சொன்னான்.

"வெளிய இருந்து பாத்தா வெள்ளையாத்தான் இருக்கும். உள்ள இருந்து எல்லாம் தெரியும், கேட்டியா. நம்ம ஏசி பஸ்ஸு கண்ணாடி மாதிரிதான். பெட்டி ஏத்தி முடிச்சதும் றெக்கைக்குக் கொஞ்சம் தள்ளி நிப்பேன். நல்லாப் பாத்துக்கிடு."

சென்னையில் இறங்கி, இரவே அவளுக்கு மஸ்கட் விமானம். அங்கே ஒரு வீட்டில் வேலை. இரண்டு வருடம் கழித்துத்தான் ஊர்.

விமான நிலைய வாசலில் பிரியும்போது அவன் அழவில்லை. அவளையும் அழ விடவில்லை. அதுதான் மேலே இருந்து இன்னொரு தடவை பார்க்கப் போகிறாளே.

இருட்டில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துண்டில் ஏதோ ஊர்ந்தது.

பூச்சி என்று நினைத்தாள்.

பூச்சி இல்லை. நிறம். கீழே நீலம், மேலே சாம்பல். இரண்டுக்கும் நடுவே ஆரஞ்சு மேல்சட்டை போட்டவர்கள், விரல் நீள மனிதர்கள், கால் மேலேயும் தலை கீழேயுமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்தாள். எல்லாம் அணைந்தது.

பின்னால் சாய்ந்தாள். எல்லாம் திரும்ப வந்தது.

மூடியின் ஓரத்தில் ஓர் ஓட்டை. திருகாணி கழன்ற இடம், ஒரு மிளகு நுழையலாம். அதற்குள் வெளிச்சமாகப் புகுந்து, வெளியே இருந்த அத்தனையும் உள்ளே வந்திருந்தது. வானம், தண்ணீர் வண்டி, பெட்டி இழுக்கும் வண்டி, அதன் சக்கரம். ஒரு சத்தமும் இல்லாமல் குழந்தையின் முதுகில் கவிழ்ந்து நின்றது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை மூச்சு விட்டது. வானமும் தரையும் சேர்ந்து எழும்பித் தாழ்ந்தன.

வண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். ஒரு தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அந்த நடையை எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். தலைகீழாகவும் தெரிந்தது.

எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக, முன்னாலிருந்து பின்னால்வரை கையை வீசி வீசிக் காட்டினான். பக்கத்தில் நின்றவன் ஏதோ கேலி பேசியிருக்க வேண்டும். அவனை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து காட்டினான்.

அப்படித் தொங்கியும் அவனிடமிருந்து ஒன்றும் விழவில்லை. தொப்பிகூட.

ஓட்டையில் கண்ணை வைத்தால் அவனை நேராகவே பார்க்கலாம். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை.

கண்ணை வைத்தால் இவன் போய்விடுவான்.

அவள் கையை நீட்டினாள். துண்டைத் தொடாமல், அதற்குச் சற்று முன்னால், உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

அவன் அதில் வந்து நின்றான். இன்னும் சின்னவனாக, இன்னும் தெளிவாக. அவளுடைய ரேகைகளின் மேல் நின்று கையாட்டினான். எடையே இல்லை.

பிறகு பையிலிருந்து எதையோ எடுத்துத் தலை குனிந்தான்.

அவள் மடியில் போன் அதிர்ந்தது.

"தெரியுதா?"

விரித்த கையை அசைக்காமல், மற்றக் கையால் எழுதினாள்.

"உள்ள இருந்து எல்லாம் தெரியுது."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதியதை அவன் அவளுடைய உள்ளங்கையில் நின்று படித்தான். படித்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினான். அவை கீழே, நீலத்துக்குள் நீண்டன.

றெக்கை விசிறிகளின் இரைச்சல் பெருகியது. விமானம் அசைந்தது. தரை நழுவியது, வண்டி நழுவியது. விரல் நுனிகள் வழியாக அவனும் இருட்டுக்குள் இறங்கிப் போனான்.

"என்னாச்சுக்கா? கைய நீட்டிக்கிட்டே இருக்கீங்க."

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

ஓடுபாதைத் திருப்பத்தில் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தன. வெளிச்சம் வரிசை வரிசையாக நடந்து வந்து அவளிடம் நின்றது. கடைசியாக அவள் தன்னுடையதைத் தூக்கினாள்.

குழந்தை விழித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வெள்ளைத் துண்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது.

வெளியே உடைமரங்கள். காய்ந்த நிலம். வெயில்.

போனை அணைக்கப் போகும்போது அது இன்னொரு முறை அதிர்ந்தது.

"சொன்னேம்லா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருமில்லாத வெயிலைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.