ஆறா, ஏழா?

"நான்தான் சார் தூங்குமூஞ்சி" என்று சொல்லிக்கொண்டு அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வராதா பின்னே? இந்த மாதத்தில் வந்து உட்காரும் மூன்றாவது தூங்குமூஞ்சி இவள்.

அலுவலகத்தில் அவரைக் கலைக்களஞ்சியம் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. நிஞ்சா விளையாட்டின் ஆறு பாகங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முப்பது வருடத்துக்கு முன்னால் முதல் பாகத்தில் வேலை செய்தவர்களில் கம்பெனியில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

அப்போதிருந்த முதலாளி ஒரு பயந்தாங்கொள்ளி. போட்டிக் கம்பெனிக்காரன் ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று, விளையாட்டின் முடிவில் ஓடும் பட்டியலில் ஒருவருடைய சொந்தப் பெயரையும் போடவிடவில்லை. பூனை, பல்லி, ஊசிப்பட்டாசு, தூங்குமூஞ்சி. அவ்வளவுதான்.

இப்போது ஆறு பாகமும் சேர்ந்து முப்பதாம் ஆண்டுப் பதிப்பாக வருகிறது. பட்டப்பெயருக்குப் பக்கத்தில் சொந்தப் பெயர் போடுவதாக அறிவித்தாயிற்று. பட்டியலைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. நாளைக் காலை பதிப்பு கையைவிட்டுப் போய்விடும்.

பல்லி யாராக இருந்தால் யாருக்கு என்ன? தூங்குமூஞ்சி அப்படியில்லை. நிஞ்சாவின் தாவலைச் செய்த ஆள்.

பாகத்துக்குப் பாகம் என்னென்னவோ மாறியது. மூன்றாவதில் உலகம் முப்பரிமாணமானது. ஆட்டத்தைக் காட்டும் கேமரா அடிக்கடி சுவருக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. நான்காவதில் நிஞ்சா சண்டை போட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். ஐந்தாவது கைப்பேசியில் வந்து மண்ணைக் கவ்வியது. ஆறாவதில்தான் மானம் திரும்பியது. தாவலில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

விளிம்பைத் தாண்டி, கால் வெறும் காற்றில் இருக்கும்போதுகூட ஒரு கண்சிமிட்டும் நேரம் பொத்தானை அழுத்தலாம். நிஞ்சா விழாமல் எழும்புவான். ஆடுகிறவன் தன் கைதான் அவ்வளவு வேகம் என்று நினைத்துக்கொள்வான்.

"உடுப்பு ஏன் நீலம்?" என்று ஆரம்பித்தார்.

"கறுப்பு போட்டா ராத்திரிக் காட்சியில ஆளே தெரியல சார்."

"திரும்பினா வாள் ஏன் கை மாறுது?"

"ஒரு பக்கம்தான் வரைஞ்சோம். அதையே திருப்பிப் போட்டோம். ரெண்டும் வைக்க இடமில்ல."

இதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு புகைப்படம்? இல்லை. ஒரு கடிதம்? அதுவும் இல்லை. வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே வேலையை விட்டுவிட்டாளாம், அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாளாம். புளுகுகிறவர்கள் எப்போதும் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள் என்று நினைத்தார்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம் சார். பேர் வந்தா போதும். என் பொண்ணு நம்பவே மாட்டேங்கிறா."

கடைசிக் கேள்வியை எடுத்தார். திரையில் வினாடிக்கு அறுபது படம் ஓடும். ஒரு படம் ஒரு பிரேம். "விளிம்பைத் தாண்டின பிறகு எத்தனை பிரேம் வரைக்கும் தாவலாம்?"

"ஏழு."

அப்பாடா. மாட்டிக்கொண்டாள்.

"ஆறு, மேடம். எல்லாப் பேட்டியிலயும் வந்திருக்கு. சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிறாங்க."

அவள் பதறவில்லை.

"நோட்டுல ஆறுன்னுதான் எழுதியிருப்பேன். நான் பூஜ்யத்துல ஆரம்பிச்சு எண்ணுவேன் சார். பூஜ்யத்துலேருந்து ஆறு வரைக்கும்னா ஏழாச்சே. மூணாவது கட்டத்துப் பள்ளத்துக்காகவே வச்சது அது. அந்த நோட்டை ஜன்னலோர மேஜை இழுப்பறையிலேயே விட்டுட்டுப் போயிட்டேன்."

"விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்.

அவள் ஒரு சீட்டில் கைப்பேசி எண்ணை எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். லிப்ட் இறங்கும் சத்தம் கேட்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு முதல் பாகத்தைப் போட்டார். மூன்றாவது கட்டம், பள்ளத்தின் விளிம்பு. ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினார்.

ஆறாவதில் அழுத்தினார். நிஞ்சா எழும்பினான், எதிர்க்கரை எட்டாமல் பள்ளத்தில் விழுந்தான். ஏழாவதில் அழுத்தினார். எழும்பிப் போய் எதிர்க்கரையில் நின்றான். எட்டாவதில் எழும்பவே இல்லை.

மூன்று தடவை பார்த்துவிட்டார். ஏழேதான்.

முப்பது வருடத்தில் யாராவது எண்ணாமலா இருந்திருப்பார்கள்? எண்ணியவர்கள் தங்கள் கணக்குதான் தப்பு என்று விட்டிருப்பார்கள். இனி விடமாட்டார்கள். அவள் பெண் விடமாட்டாள்.

புரோகிராமரைப் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, முதல் பாகத்துத் தாவல்ல ஏழு பிரேம் இருக்கு. ஆறா மாத்திடு. இன்னிக்கே."

"ஏழா? என்ன சார் இது, நீங்க பண்ணின தாவல், நீங்களே எல்லாப் பேட்டியிலயும் ஆறுன்னுதானே சொல்வீங்க?"

"அதான் மாத்தச் சொல்றேன்."

அவர் முன்னால் பட்டியல் திறந்திருந்தது. தூங்குமூஞ்சிக்குப் பக்கத்தில் அவருடைய பெயர் போன மாதமே ஏறியாகிவிட்டது. முதல் பாகம் வெளிவர ஒரு மாதம் இருக்கும்போது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் உட்காருவது அந்த ஜன்னலோர மேஜையில்தான்.

"சார், ஒரு பிரேம் குறைஞ்சா மூணாவது கட்டத்தைத் தாண்டவே முடியாதே. யார் ஆடினாலும் நிஞ்சா பள்ளத்துல விழுந்துடுவான் சார்!"

அவள் வைத்துவிட்டுப் போன சீட்டை அவர் இரண்டாகக் கிழித்தார்.

"விழட்டும்."