கால் மட்டும்

ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய லைன் வீட்டில், கல்படிகள் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து வழவழத்திருக்கின்றன. மதிய வெயில் மூன்றாம் படிவரை ஏறி நிற்கிறது. தேய்ந்த படிகளையும் அவற்றில் நடப்பவர்களையும் படமெடுக்கும் தர்ஷினி, கீழே குந்தியபடி கேமராவின் பொத்தானை அழுத்துகிறாள். அந்த நொடியில் கம்பெனி யூனிஃபார்மோடு சுகுணா இறங்கி வருகிறாள். “அக்கா, என் மூஞ்சி வுழுந்துடுச்சா?” “ஆமாங்க.” “அழிச்சுடுங்கக்கா. நான் இங்க இருக்கறது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது.” தர்ஷினி படத்தை அழித்துவிட்டுத் திரையை அவளிடம் காட்டுகிறாள். தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இரண்டு படி இறங்கியவள் நிற்கிறாள். “கால் மட்டும்னா எடுத்துக்கோங்க,” என்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மெட்டி கிடந்த இடம் வெளுத்திருக்கும் பாதத்தைக் கல்லின் குழியில் வைத்து, அசையாமல் நிற்கிறாள்.